ஹமூராவுக்கு இரண்டு பேர்

கயிறு வாங்கியாயிற்றா என்று சுவரிலிருந்து துணை கேட்டது. இன்னும் இல்லை என்றான் எபநேசர்.

கயிறு அலமாரியின் மேல்தட்டில் இருந்தது. நீலக் கயிறு, நல்ல தரம், வாங்கி வெகுநாளாகிறது. ஆனால் வாங்கியாயிற்று என்று சொல்லிவிட்டால் பயணத் திட்டத்தில் பாக்கி எதுவும் இருக்காது. பாக்கி இல்லையென்றால் தேதி கொடுத்துவிடுவார்கள். தேதி வந்துவிட்டால் ஒன்று போக வேண்டும், அல்லது போகவில்லை என்று சொல்ல வேண்டும். இரண்டில் எதைச் செய்தாலும் பியூலா நடப்பது நின்றுவிடும்.

பியூலா அவன் மனைவி. போன கோடையில் இறந்துவிட்டாள். தலை வலிக்கிறது என்று படுத்தவளுக்கு மூளைக்குள் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது. மறுநாள் மாலைக்குள் எல்லாம் முடிந்துபோயிற்று. சொந்த ஊரான சாயர்புரத்துக்குக் கொண்டுபோய் அடக்கம் செய்தார்கள். அவன் மஸ்கட்டுக்குத் திரும்பி, கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் பழைய வேலையையே பார்த்துவந்தான். யாராவது விசாரித்தால் நன்றாக இருக்கிறேன் என்றான்.

ஹமூரா போக வேண்டும் என்று ஆசைப்பட்டவள் அவள்தான். மஸ்கட்டிலிருந்து காரில் அரை நாள். பிறகு மொட்டை மலைகள், புல்கூட முளைக்காத பாறைவெளி. அதன் நடுவில் பூமி பிளந்ததுபோல் ஒரு பள்ளத்தாக்கு. மேலே எங்கு தேடினாலும் ஒரு சொட்டு ஈரம் கிடைக்காது. அடியிலோ மூன்று அருவிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக விழுந்துகொண்டிருக்கின்றன. வண்டி போகாது. இறங்க ஒரு நாள், ஏற ஒரு நாள். இறங்குவது யாருக்கும் சிரமமில்லை. ஏறும்போதுதான் ஆள் விழுவான்.

வெயில் ஆண்டுக்காண்டு ஏறிக்கொண்டே போனதில், அங்கே போனவர்கள் திரும்பாமல் இருப்பது சாதாரணமாகிவிட்டது. தேடப்போன கிராமத்து ஆட்களிலும் சிலர் திரும்பவில்லை. அதற்குப் பிறகுதான் பள்ளத்தாக்கின் வாயிலில் குடியிருக்கும் மக்கள் கூடிப் பேசி ஒரு விதி செய்தார்கள். முதலில் உன் நிழல் இறங்கி ஏறட்டும், அப்புறம் நீ வா.

நிழல் என்றால் உருவம் அல்ல, கணக்கு. கையில் கட்டிய பட்டையும் காலில் போட்ட ஷூவும் வருடக்கணக்கில் சேர்த்துவைத்த இதயத்துடிப்பு, மூச்சு, வியர்வை, முழங்காலின் பலம் எல்லாவற்றையும் கொண்டு கட்டிய ஓர் உடல். பயணத்தைத் திட்டமிட்டுக் கொடுக்கும் இயந்திரத்துக்குத் துணை என்று பெயர். பாறை பாறையாக அளந்துவைத்த பாதையில், அன்றன்றைய வெயிலிலும் காற்றிலும், அந்த உடலைத் தினமும் ஒருமுறை துணை நடக்கவிடும். இரண்டு நாள் நடை ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். நிழல் திரும்பினால் ஆளுக்கு அனுமதி. திட்டம் முடிந்தாலோ கைவிட்டாலோ நிழலை அழித்துவிட வேண்டும். உடலின் கணக்கு உடலுக்கு உரியவருக்குத்தான் சொந்தம் என்பது சட்டம்.

துணைக்குத் தமிழ் தெரியும். கொஞ்சம் அதிகமாகவே தெரியும் என்பது முதல் நாளே தெரிந்துபோயிற்று. அன்று பியூலா அடுப்பு மேடையில் சாய்ந்துகொண்டு, எபநேசரைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு, நாம ரெண்டு பேரும் ஹமூரா போறோம் என்று அதனிடம் சொன்னாள். ஓர் அனுமதியில் இருவருக்குத்தான் இடம், மூவர் போக முடியாது என்றது துணை. மூன்றாவது ஆள் யார் என்று அவள் சண்டைக்குப் போனாள். துணை நிதானமாக விளக்கியது. நாம என்பது கேட்பவரையும் சேர்த்துச் சொல்லும் சொல். கேட்டது நான்.

"உன்னய எவன் கூப்ட்டான்?" என்றாள் பியூலா. "நாங்க ரெண்டு பேரு. நாங்க. எழுதிக்கோ."

அதற்குப் பிறகு நாங்க என்ற சொல் அந்த வீட்டில் ஒரு விளையாட்டாகிவிட்டது. கடைசி மீன் துண்டைத் தட்டிலிருந்து எடுத்துக்கொண்டு, நாங்க சாப்பிட்டுட்டோம் என்பாள். மெத்தையில் முக்கால்வாசியைப் பிடித்துக்கொண்டு, நாங்க தூங்கப் போறோம் என்பாள். துணையும் தன்னைச் சேர்த்து எண்ணுவதை விட்டுவிட்டு, அறையில் யார் இருக்கிறார்கள் என்று பார்த்து எண்ணக் கற்றுக்கொண்டது.

கண் தெரியாதவர்களுக்காகத் துணையில் ஓர் ஏற்பாடு உண்டு. நிழலின் நடையை அங்கங்கே எடுத்துச் சத்தமாகக் கேட்கலாம். சரளையில் கால் படுவது, பாறையில் கை வைப்பது, தண்ணீர் விழுங்குவது, மூச்சு. பியூலா வேடிக்கைக்காக அதைப் போட்டுவைத்தாள். சின்ன வயதிலிருந்தே அவளுக்கு மூக்கடைப்பு உண்டு. மேடேறும்போது மூச்சோடு மெல்லிய விசில் ஒன்று சேர்ந்துகொள்ளும். நிழலுக்கும் அந்த விசில் இருந்தது. அதைக் கேட்டுவிட்டு, தன்னை யாரோ கேலி செய்கிறார்கள் என்று அவள் இரண்டு நாள் துணையோடு பேசவில்லை.

அடக்கம் முடிந்து மஸ்கட்டுக்குத் திரும்பிய அன்று, எபநேசர் கதவைத் திறந்து விளக்கைப் போட்டான். வீட்டோடு சேர்ந்து துணையும் விழித்துக்கொண்டது. அது நடை நேரம். யாரோ சரளையில் ஏறிவரும் சத்தம் கேட்டது. பின்னாலேயே விசில். அவன் பெட்டியைக் கையில் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

அது பியூலா அல்ல. அவனுக்கு அது நன்றாகவே தெரியும், படித்தவன். அது பேசாது. அவனை அதற்குத் தெரியாது. அது அவளுடைய நுரையீரல், அவளுடைய முழங்கால், அவ்வளவுதான். அவள் குரல் அவனிடம் இல்லாமலும் இல்லை. போனில் எத்தனையோ பதிவுகள் இருந்தன. ஆனால் பதிவில் இருப்பவள் எப்போது கேட்டாலும் அதே மூச்சைத்தான் விடுவாள். இங்கே காற்று மாறினால் மூச்சு மாறியது. வெயில் கூடினால் கூடுதலாக ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தாள். இது இன்றைய மூச்சு.

பியூலாவின் கைப்பட்டையிலிருந்து புதுக்கணக்கு வரவில்லையே என்று துணை கேட்டது. ஊரில் இருக்கிறாள் என்றான். அது பொய்யும் இல்லை. அப்படியானால் பழைய கணக்கை வைத்துக்கொள்கிறேன், பருவம் தொடங்கும்போது அனுமதியைப் புதுப்பித்தால் போதும் என்றது துணை. அதன் பிறகு அவன் திட்டமிட்டான். கூடாரத்தை மாற்றினான். கிளம்பும் நேரத்தை முன்னே தள்ளினான், பின்னே தள்ளினான். எதை வேண்டுமானாலும் செய்தான், கயிறு மட்டும் வாங்கவில்லை. அவன் பிடித்துவைத்திருந்த இடத்துக்காகச் சலாலாவிலிருந்து ஒரு தம்பதி வருடக்கணக்கில் காத்திருப்பதாகத் துணை அவ்வப்போது நினைவூட்டும். அவன் கூடாரத்தை இன்னொரு முறை மாற்றுவான்.

அனுமதியைப் புதுப்பிக்க வேண்டிய கடைசி நாள் ஒரு வெள்ளிக்கிழமையில் வந்தது. அன்றைக்கென்று பார்த்து தனசிங் வந்து நின்றார்.

தனசிங், பியூலாவின் அண்ணன். சோஹார் துறைமுகத்தில் சூப்பர்வைசர். கனத்த உடம்பு, கலகலப்பான ஆள். தங்கையின் அடக்கத்துக்குப் பிறகு அந்த வீட்டு வாசலை மிதிக்க அவருக்கு மனம் வரவில்லை. போனில் பேசுவதோடு சரி. ஊரிலிருந்து அம்மா நச்சரிக்கவே, அங்கே வெள்ளிதான் விடுமுறை என்பதால் அன்று நடக்கும் ஆலய ஆராதனை முடிந்த கையோடு மீன்குழம்புத் தூக்குவாளியுடன் புறப்பட்டு வந்துவிட்டார். வாசலில் நின்றவரை உள்ளே விடாமல் இருக்க முடியவில்லை. நடைச் சத்தத்தை நிறுத்த வேண்டும் என்பது எபநேசருக்கு அவர் உள்ளே வந்த பிறகுதான் உறைத்தது.

"என்ன மாப்ள, துரும்பா போயிட்ட. உங்க ஆலையில உப்புத்தண்ணிதான் குடிக்கத் தாரானுவளா?" என்று செருப்பைக் கழற்றியவர், சிரிப்பைப் பாதியில் நிறுத்தினார். "உள்ள யாரு?"

"யாருமில்ல மச்சான்."

"மூச்சு வாங்குதே."

சத்தம் இறக்கத்துக்கு முன்பு வரும் ஒரு மேட்டில் ஏறிக்கொண்டிருந்தது. விசில் கேட்டது. தனசிங் தூக்குவாளியை மெதுவாகத் தரையில் வைத்தார். பிறகு நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

"இது எங்க பிள்ளைல்லா."

எபநேசர் சுருக்கமாகச் சொன்னான். நிழல் என்றால் என்ன, திட்டம் திறந்திருக்கும்வரை ஏன் அழிக்கமாட்டார்கள், துணையிடம் தான் என்ன சொல்லி வைத்திருக்கிறான், கயிறு எங்கே இருக்கிறது. திட்டப்போகிறார் என்று எதிர்பார்த்தான். தனசிங் திட்டவில்லை. கர்ச்சீப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஓர் அண்ணனால் மட்டுமே கேட்க முடிந்த கேள்வியைக் கேட்டார்.

"சௌரியமா இருக்காளா?"

"நல்லா நடக்கா மச்சான். மூட்டுவலியெல்லாம் இல்ல."

அவர் தலையாட்டிக்கொண்டார். சற்று நேரம் இருவரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் இறங்கினாள், நின்றாள், தண்ணீர் குடித்தாள். தூரத்தில் அருவியின் இரைச்சல் வந்தது. அது நெருங்கி, பெரிதாகி, மற்றச் சத்தங்களை எல்லாம் மூடிக்கொண்டது. தனசிங் கண்ணை மூடியிருந்தார். சின்னதில் குற்றாலத்தில் தலையைக் காட்டாமல் ஓடிவந்து அப்பாவிடம் அடி வாங்கினவள் இவள், இவளுக்கு எங்கிருந்து வந்தது அருவி ஆசை என்று சொல்லி மெல்லச் சிரித்தார். இரைச்சல் குறைந்து மீண்டும் அவள் காலடி கேட்கத் தொடங்கியபோது அவர் கண்ணைத் திறந்தார்.

"ரெண்டு பேரு போறதாத்தான சொன்ன? உன் சத்தம் எங்க?"

தன் சத்தத்தை நிறுத்தி வைத்திருப்பதாகச் சொன்னான் எபநேசர். ஏன் என்று கேட்டார். அவள் சத்தம் தெளிவாகக் கேட்பதற்காக என்றான். தனசிங் அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். துறைமுகத்தில் ஆட்களை மேய்ப்பவர்; வெயிலில் சுருளப்போகிறவன் எவன் என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார். அவன் மணிக்கட்டில் பட்டை தொளதொளவென்று தொங்குவதையும் பார்த்தார்.

"இந்தாப்பா துணை," என்றார் சுவரைப் பார்த்து. "இவன் சத்தத்தையும் போடு."

துணை போட்டது.

இரண்டு நடைகள் கேட்டன. ஒன்று விசிலோடு முன்னால் போயிற்று. மற்றது காலை இழுத்துக்கொண்டு பின்னால் வந்தது. சில அடி நடந்தது, நின்றது, மீண்டும் சில அடி. முன்னால் போன நடை காத்திருந்தது. பின்னால் வந்த மூச்சு நாயின் மூச்சுபோல் இரைந்தது. பிறகு சரளை சரியும் சத்தம். உடம்பு ஒன்று பாறையில் சாய்ந்து உட்காரும் சத்தம்.

எபநேசரின் உடல் வெப்பம் எல்லையைத் தாண்டிவிட்டது என்று அறிவித்தது துணை. இரண்டாம் அருவிக்குக் கீழே உட்கார்ந்துவிட்டார். விதிப்படி, நடக்க முடிந்தவர் ஆள் அழைத்துவர மேலே போக வேண்டும். பியூலா போகிறார்.

விசில் ஏறிக்கொண்டே போயிற்று. கீழே இருந்த மூச்சு வரவரச் சிறுத்து, கேட்காமலே போயிற்று. கடைசியில் சமதளத்தில் கால் வைக்கும் சத்தம். பியூலா திரும்பிவிட்டார், எபநேசர் திரும்பவில்லை என்று துணை முடித்துக்கொண்டது.

"எத்தன நாளா இப்டி?"

"கொஞ்ச நாளா."

"கொஞ்ச நாளான்னா?"

எபநேசர் தொங்கிய பட்டையை மேலே தள்ளிவிட்டுக்கொண்டான்.

"செத்தவ ஏறி வந்துட்டா," என்றார் தனசிங். குரல் எழும்பவில்லை. "நீ கீழ கெடக்க."

"அவ தெனம் திரும்பி வந்துருதால்லா மச்சான். எனக்கு அது போதும்."

"எங்கம்மா கேட்டா நான் என்ன சொல்ல? ஒண்ண மண்ணுக்குள்ள வச்சாச்சு, இன்னொண்ணு தானா போயி உக்காந்துருக்குன்னு சொல்லவா?"

ஜன்னலுக்கு வெளியே எதிர்க் கட்டடத்தின் நிழல் தெருவைத் தாண்டி நீண்டிருந்தது. அனுமதியைப் புதுப்பிக்கும் நேரம் முடியப்போகிறது என்றது துணை. தொடர்வதா, விடுவதா. தொடர்ந்தால், போகிறவர்கள் யார் என்று குரலால் சொல்ல வேண்டும்.

எபநேசர் அதற்குத் தயாராகத்தான் இருந்தான். நாங்க போறோம். இரண்டே சொல். சொல்லிவிட்டால் அடுத்த பருவம்வரைக்கும் கவலையில்லை. வாயைத் திறந்தான். அதற்குள் தனசிங் முந்திக்கொண்டார்.

"மாப்ள, நெசமாவே போவோமா? நானும் வாரேன். அவ பாக்கணும்னு நெனச்ச எடம். என்னயும் கூட்டிட்டுப் போயேன்."

ஆங்கிலமாகவோ அரபியாகவோ இருந்திருந்தால் பிழைத்துப்போயிருப்பான். ஒரே சொல்லைச் சொல்லிவிட்டு, துணை ஒருவிதமாகவும் தனசிங் வேறுவிதமாகவும் எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டிருக்கலாம். தமிழில் அதற்கு வழியில்லை. நாங்க என்றால் எதிரே நிற்பவர் இல்லை. கர்ச்சீப்பைக் கையில் கசக்கிக்கொண்டு, கூட்டிட்டுப் போயேன் என்று கேட்கிற மனிதரின் முகத்தைப் பார்த்தே அதைச் சொல்ல வேண்டும். அந்த நாட்டில் பியூலாவுக்காக அழ இருப்பவர்கள் இரண்டே பேர். அதில் ஒருவரைப் பார்த்து, நாங்க.

"நாம போறோம்," என்றான்.

அறையில் இருக்கும் தனசிங்கையும் சேர்த்துச் சொல்கிறீர்கள், மூவராகிறது என்றது துணை. இடம் இருவருக்குத்தான். நெடுநாளாகக் குரல் தராதவர் பியூலா. அவரை நீக்கலாமா?

தனசிங்குக்கு விஷயம் விளங்க ஒரு கணம் பிடித்தது. விளங்கியதும் பதறிப்போனார்.

"ஏ, வேண்டாம். நான் வரல. சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன்." அவர் கதவைப் பார்த்து நகர்ந்தார். "நாங்கன்னு சொல்லு மாப்ள. நான் வெளிய போயி நிக்கேன். நான் இல்லாதப்ப சொல்லு."

அவர் சொன்னபடியே வெளியே போய், செருப்புகளுக்கு நடுவில் வெறுங்காலோடு, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். அந்தப் பெரிய முதுகைப் பார்த்தபடி எபநேசர் சற்று நேரம் உட்கார்ந்திருந்தான்.

"உள்ள வாங்க மச்சான்."

"சொல்லிட்டியா?"

"வாங்க."

அவர் வந்து உட்காரும்வரை காத்திருந்தான். பிறகு துணையிடம், நீக்கிவிடு என்றான்.

காரணம் கேட்டது துணை. ஊரில் இருக்கிறாள் என்ற பதில் நாக்கின் நுனிவரை வந்தது. அவள் போனதிலிருந்து அவன் யாரிடமும் உண்மையான அந்த ஒரு சொல்லைச் சொன்னதில்லை. ஆலையில் மற்றவர்கள் சொல்லிக்கொண்டார்கள். தூதரகத்தில் காகிதம் சொல்லிற்று. ஊரில் போதகர் சொன்னார்.

"நான் சொல்லட்டா?" என்றார் தனசிங்.

"வேண்டாம்." எபநேசர் சுவரைப் பார்த்துத் திரும்பினான். "எறந்துட்டா."

துணை அனுதாபம் எதுவும் சொல்லவில்லை. அதற்கு அந்த வேலை இல்லை. விலகும் ஒவ்வொருவருக்கும் சொல்வதையே அவளுக்கும் சொன்னது.

"பியூலாவின் நிழல் அழிக்கப்பட்டது. திட்டம் தொடங்கியதிலிருந்து தினமும் நடந்திருக்கிறார். ஒருமுறைகூடத் திரும்பாமல் இருந்ததில்லை."

தனசிங் கர்ச்சீப்பை முகத்தில் வைத்தவர் எடுக்கவில்லை.

ஒருமுறை அருவிவரை போய்த் திரும்பிய குழுவுக்குக் குரலே போதும், புதிய குழுவுக்கு இன்றே அப்படி ஒரு நடை வேண்டும், இல்லாவிட்டால் அனுமதி செல்லாது என்றது துணை. தனசிங்கின் கணக்கைத் தேட வேண்டியிருக்கவில்லை. வெயிலில் வேலை செய்கிறவர்கள் எல்லோரும் துறைமுகத்தில் பட்டை கட்டியாக வேண்டும்; வருடக்கணக்கில் அதில் சேர்ந்திருந்தது. எடுத்துக்கொள்ள அவர் முகத்தை மூடியபடியே சம்மதம் சொன்னார். நடை தொடங்கியது.

முதல் அடியிலேயே வித்தியாசம் தெரிந்தது. கனமான நடை. சரளை நொறுங்கியது. கொஞ்ச தூரத்திலேயே மூச்சு தடித்துவிட்டது. முதல் இறக்கத்தில், அருவியின் இரைச்சல் காதில் விழுவதற்கு வெகு முன்பே, முழங்கால் மடங்கி அந்த உடல் உட்கார்ந்துவிட்டது. முன்னால் போய்க்கொண்டிருந்த நடை நின்றது. திரும்பியது. மெதுவாக ஏறிவந்து பக்கத்தில் நின்றது. தண்ணீர் குடிக்கும் சத்தம் கேட்டது; யார் குடித்தது என்று தெரியவில்லை. பிறகு இரண்டும் மேல்நோக்கித் திரும்பின. சேர்ந்தே வந்தன. நாலடிக்கு ஒரு தரம் நின்று வந்தன. சமதளத்தில் கால் வைக்கும் சத்தம் இரண்டு முறை கேட்டது.

"இருவரும் திரும்பிவிட்டார்கள்," என்றது துணை. "அருவிகளை அடையவில்லை. இந்தப் பருவத்துக்கு அனுமதி இல்லை. இடம் காத்திருப்பவர்களுக்குத் தரப்படுகிறது. திட்டம் முடிந்தது."

சுவரில் இருந்த சிறு விளக்கு அணைந்தது.

தனசிங் தன் வயிற்றைக் குனிந்து பார்த்துக்கொண்டார். "மொத எறக்கத்துலயே உக்காந்துட்டனே மாப்ள," என்றார். "என்னால அவளும் போயிட்டா. அருவியும் போச்சு."

எபநேசர் அணைந்த விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தான். தெருவில் யாரோ காரைப் பூட்டிவிட்டுப் போனார்கள்.

"நான் மேல வந்துட்டேன்ல்லா மச்சான்," என்றான்.

தனசிங் எட்டி அவன் கையைப் பிடித்துக்கொண்டார். பட்டைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே இருந்த இடைவெளியில் அவருடைய தடித்த விரல் இரண்டு புகுந்து நின்றன. வெளிச்சம் போய்விட்டது; எழுந்து விளக்குப் போட இருவருக்கும் தோன்றவில்லை. எதையோ கேட்பவர்கள்போல் தலையைச் சற்றே சாய்த்து உட்கார்ந்திருந்தார்கள். கேட்க ஒன்றும் இல்லை.